மின்சாரமும் வெந்நீரும் சேர்ந்து தரும் சோலார் பேனல்: வடசென்னையில் எழும் கேள்விகளும் பதில்களும்

ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலும், பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கங்களிலும் மொட்டை மாடியில் சோலார் வைக்க எண்ணுபவர்களிடம், ஒரே பேனலில் மின்சாரமும் வெந்நீரும் கிடைக்கும் என்ற விளம்பரம் இப்போது வந்து சேருகிறது. பி.வி.டி. (ஃபோட்டோவோல்டாயிக்-தெர்மல், அதாவது மின்சாரமும் வெப்பமும்) என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த பேனலைப் பற்றி வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன.

இந்த பேனல் எப்படி வேலை செய்கிறது?

சாதாரண சோலார் பேனலின் மீது விழும் வெயிலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. ஒரு சிறு பகுதி கண்ணாடியில் பட்டுத் திரும்பிவிட, மீதி முழுவதும் பேனலைச் சூடாக்கிக் காற்றில் கலந்து போகிறது. பி.வி.டி. பேனலில் அந்தச் சூட்டைப் பிடிப்பதற்காக, பேனலின் முதுகில் செம்பு, அலுமினியம் அல்லது பிளாஸ்டிக்கால் ஆன தகட்டையும் குழாய்களையும் நெருக்கமாக ஒட்டி, அவற்றின் வழியே தண்ணீரை ஓட விடுகிறார்கள். சூடேறிய தண்ணீர் தொட்டிக்குச் சென்று சேமிக்கப்படுகிறது. முன்பக்கத்தில் மின்சாரம் வழக்கம்போல் உற்பத்தியாகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் 1973-இல் கட்டிய 'சோலார் ஒன்' என்ற வீட்டில், கூரையிலிருந்த சூரிய மின்கலங்களின் பின்னால் காற்றை ஓட்டி வெப்பத்தையும் எடுத்தார்கள். அரை நூற்றாண்டு கடந்தும் இது பரவலாகாமல் இருப்பதற்குக் காரணம் தொழில்நுட்பக் கோளாறு என்பதைவிட, வெப்பம் தேவைப்படும் இடமும் வெயில் மிகுந்த இடமும் பெரும்பாலும் ஒன்றாக அமையாததே ஆகும். சென்னைக்கும் அதே சிக்கல்தான்.

'ஹைப்ரிட் சோலார்' என்று கடைக்காரர் சொல்வதும் இதுவும் ஒன்றா?

பெரும்பாலும் இல்லை. நம் ஊர்க் கடைகளில் ஹைப்ரிட் என்று விற்கப்படுவது, ஈ.பி. இணைப்போடும் பேட்டரியோடும் ஒருசேர வேலை செய்யும் இன்வெர்ட்டர் அமைப்பு. அதில் வெந்நீர் வராது. விலைப்பட்டியலில் பேனலின் மின்திறன், வெப்பத்திறன் என இரண்டு எண்கள் தனித்தனியே இருந்தால் மட்டுமே அது பி.வி.டி.

தண்ணீர் ஓடிக் குளிர்விப்பதால் மின்சாரம் அதிகமாகக் கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் விளம்பரத்தில் சொல்லும் அளவுக்குக் கிடைக்காது, அதை நம்பி வாங்கவும் கூடாது.

பேனலின் மீது அச்சிட்டிருக்கும் வாட் எண், அதற்குள் இருக்கும் மின்கலம் (செல்) 25 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. மே மாத நண்பகலில், வெளியே 37 டிகிரி இருக்கும்போது, மொட்டை மாடி பேனலின் மின்கலம் 65 டிகிரியை எளிதில் எட்டும். சிலிக்கான் பேனல்கள் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் வரை திறனை இழப்பதால், அந்த நேரத்தில் 14 சதவீதம் அளவுக்கு உற்பத்தி குறைந்துவிடுகிறது. இதுவரை விற்பனையாளர் சொல்வது சரிதான்.

அடுத்ததாக அவர் சொல்லாமல் விடுவது என்னவென்றால், குளிர்விக்கும் தண்ணீரும் சூடாகிக்கொண்டே போகிறது. காலை ஒன்பது மணிக்குத் தொட்டியில் 28 டிகிரியில் இருந்த தண்ணீர் பிற்பகல் இரண்டு மணிக்கு 45 டிகிரியைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு பேனலைக் குளிர்விக்க அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை. நாள் முழுவதையும் சராசரியாகப் பார்த்தால் மின்கலத்தின் சூடு பத்து டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று கிலோவாட் அமைப்பு சென்னையில் நாளொன்றுக்குச் சுமார் 12 யூனிட் தரும். பத்து டிகிரிக் குறைவால் அதில் கூடுதலாகக் கிடைப்பது 0.4 யூனிட். தண்ணீரைச் சுழற்றும் 40 வாட் பம்பு ஆறு மணி நேரம் ஓடினால் 0.24 யூனிட்டைத் தானே தின்றுவிடும். மிஞ்சுவது ஒரு சீலிங் ஃபேன் இரண்டரை மணி நேரம் ஓடுவதற்கான மின்சாரம் மட்டுமே.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. வெந்நீரை யாரும் செலவழிக்காமல் தொட்டி சூடாகி நின்றுவிட்டால், பம்பும் நின்றுவிடும். அப்போது பின்புறத்தில் தகடும் வெப்பக் காப்புறையும் மூடியிருப்பதால் காற்று பட வழியில்லாத பி.வி.டி. பேனல், பக்கத்து வீட்டுச் சாதாரண பேனலைவிட அதிகமாகச் சூடாகி, அதைவிடக் குறைவான மின்சாரத்தையே தரும். ஆகவே இந்த முதலீட்டின் நியாயம் முழுவதும் வெந்நீரில்தான் இருக்கிறது. வெந்நீர் தினமும் செலவாகவில்லை என்றால், மின்சாரப் பக்கத்திலும் நட்டமே.

எங்கள் வீட்டில் நான்கு பேர். எங்களுக்குப் பயன்படுமா?

முதலில் எவ்வளவு வெந்நீர் தேவை என்று கணக்குப் பார்ப்போம். இருபது லிட்டர் பக்கெட் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து குளிக்க ஏற்ற 40 டிகிரிக்குக் கொண்டுவர 0.3 யூனிட் போதும். நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 1.2 யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 72 யூனிட். இது மார்கழி, தை மாதங்களின் கணக்கு. சித்திரை, வைகாசியில் பிற்பகல் மூன்று மணிக்கு மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் கை வைக்க முடியாது. அப்போது நமக்குத் தேவைப்படுவது குளிர்ந்த தண்ணீர்தான். ஆண்டில் எட்டு மாதங்கள் தேவைப்படாத பொருளை உற்பத்தி செய்யக் கூடுதல் பணம் கொடுத்து, குழாய், பம்பு, தொட்டி, கட்டுப்பாட்டுக் கருவி என்று பராமரிப்பையும் ஏற்றுக்கொள்வது சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது.

வீட்டுக்கு என் பரிந்துரை வழக்கமான சோலார் பேனல்தான். வெந்நீருக்கு இப்போது இருக்கும் கீசரையே பகலில் வெயில் இருக்கும்போது ஓட்டலாம். வயதானவர்கள், பச்சிளங்குழந்தை, மகப்பேறு முடிந்து வந்திருக்கும் பெண் ஆகியோர் இருக்கும் வீட்டில் ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அதற்கும் நூறு லிட்டர் குழாய் வகைச் சோலார் ஹீட்டரோ நல்ல கீசரோ போதும்.

அப்படியானால் யாருக்குத்தான் இது பொருந்தும்?

நாள் தவறாமல், வெயில் காலத்திலும், மிதமான சூட்டில் நிறைய வெந்நீர் செலவழிப்பவர்களுக்கு. அதோடு மாடியில் இடமும் குறைவாக இருக்க வேண்டும். மாடி தாராளமாக இருந்தால் மின்சாரத்துக்கு ஒரு வரிசை, வெந்நீருக்கு ஒரு வரிசை என்று தனித்தனியே வைப்பதே மலிவு. இரண்டையும் வைக்க இடமில்லாத, சுவரோடு சுவர் ஒட்டிய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டைக் கட்டடங்களில்தான் ஒரே சதுர அடியிலிருந்து இரண்டையும் எடுப்பதற்குப் பொருள் இருக்கிறது.

நாற்பது பேர் தங்கும் ஒரு விடுதியை எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு 25 லிட்டர் என்றால் 1000 லிட்டர். அதை 15 டிகிரி சூடேற்ற நாளொன்றுக்குச் சுமார் 17 யூனிட் வெப்பம் வேண்டும். சென்னையில் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 யூனிட் வெயில் விழுகிறது. மேலே கூடுதல் கண்ணாடி போடாத பி.வி.டி. பேனல் அதில் 35 சதவீதத்தை வெப்பமாகப் பிடிப்பதாக வைத்துக்கொண்டால், பத்து சதுர மீட்டர், அதாவது ஐந்து பெரிய பேனல்கள் போதும். அதே ஐந்து பேனல்கள் இரண்டு கிலோவாட் மின்திறனோடு நாளுக்கு எட்டு யூனிட் மின்சாரமும் தரும். வெப்பம் மின்சாரத்தைப் போல இரண்டு மடங்கு கிடைக்கிறது, அத்தனையும் செலவாகிறது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

பிரியாணிக் கடைகளும் மெஸ்களும் இன்னொரு நல்ல இடம். நெய்யும் எண்ணெயும் பிடித்த தேக்சாவைப் பச்சைத் தண்ணீரில் தேய்ப்பவரின் கையைப் பார்த்தவர்களுக்கு 45 டிகிரித் தண்ணீரின் அருமை தெரியும். அதோடு, உலை வைக்கும் தண்ணீரை 27 டிகிரிக்குப் பதில் 45 டிகிரியில் தொடங்கினால், கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பத்தில் கால் பங்கு மிச்சம். அது நேராக சிலிண்டர் கணக்கில் தெரியும். சமையலுக்கு எடுக்கும் தண்ணீர் பேனலின் குழாய்க்குள் ஓடிய தண்ணீராக மட்டும் இருக்கக் கூடாது. தொட்டிக்குள் இருக்கும் வெப்பப் பரிமாற்றிச் சுருள் இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் பெரிய சலவை நிலையங்களுக்கும் இதை முதல்கட்டச் சூடேற்றியாக வைக்கலாம். 60 டிகிரிக்கு மேல் வேண்டும் என்றால் மீதியை பாய்லரோ ஹீட்டரோ பார்த்துக்கொள்ளும்.

மேல் கண்ணாடி உள்ள வகை, இல்லாத வகை: எதை எடுப்பது?

பேனலின் மேல் காற்றிடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடி போட்டால் தண்ணீர் அதிகமாகச் சூடாகும். ஆனால் அந்தக் கண்ணாடியே சில சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதால் மின்சாரம் குறையும். தண்ணீர் ஓட்டம் நின்ற மே மாத மதியத்தில் அதன் உட்பகுதி 100 டிகிரியைத் தாண்டிப் போகக்கூடும். மின்கலங்களைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்திருக்கும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் படலம் அந்தச் சூட்டைத் தொடர்ந்து தாங்காது; பழுப்பேறி, பிரிந்து, குமிழ் விடும். கரண்ட் போய் பம்பு நிற்பது நம் பகுதியில் நடக்காத காரியம் இல்லை. சென்னைக்குக் கண்ணாடி இல்லாத வகையே ஏற்றது.

இதில் வரும் வெந்நீரில் கிருமி அபாயம் உண்டா?

தனி வீட்டில் அன்றாடம் காலியாகும் சிறிய தொட்டியில் கவலை குறைவு. விடுதி, மருத்துவமனை போன்ற இடங்களில் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான, தேங்கிய தண்ணீரில் நன்றாக வளரும். ஷவரின் நுண்துளிகளோடு மூச்சில் போனால் கடுமையான நிமோனியாவை உண்டாக்கும். பி.வி.டி. தரும் சூடு சரியாக அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. எனவே வெந்நீர்த் தொட்டியை ஹீட்டரின் உதவியோடு 60 டிகிரிக்கு உயர்த்தி வைத்து, குழாய்முனையில் பச்சைத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஏற்பாடு பெரிய கட்டடங்களில் வேண்டும். அதற்கான மின்செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்க்க வேண்டும்.

போர் தண்ணீரை நேரடியாக பேனலில் விடலாமா?

விடக் கூடாது. கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. கீசரின் சுருளைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு, அதன் மேல் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்து, தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும் படிவு தெரியும். பேனலின் குழாய்கள் விரல் கனம்கூட இல்லாதவை. அவற்றில் அந்தப் படிவு சேர்ந்தால் ஆசிட் ஊற்றிக் கழுவுவதைத் தவிர வழியில்லை, அதுவும் அலுமினியத்தில் முடியாது.

பேனலுக்கும் பரிமாற்றிச் சுருளுக்கும் இடையே மூடிய சுற்றாக, துருத்தடுப்பு மருந்து கலந்த டி.எம். வாட்டரை (தாது உப்புகள் நீக்கிய தண்ணீரை) சுழல விடுவதே சரியான முறை. ஐரோப்பியக் கையேடுகள் அந்தச் சுற்றில் கிளைகால் கலக்கச் சொல்லும். அது பனியில் தண்ணீர் உறையாமல் இருப்பதற்கு. 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அரிதான சென்னையில் அதற்கு வேலையில்லை. கிளைகாலுக்கென்று தனியே பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

கடல் காற்றும் சாம்பலும் பேனலை என்ன செய்யும்?

வடசென்னைக்கு உரிய பெரிய கேள்வி இது. காசிமேடு, திருவொற்றியூர் கரையோரம் உப்புக் காற்று. அத்திப்பட்டு, வள்ளூர் அனல் மின் நிலையங்களையும் நிலக்கரி கையாளும் இடங்களையும் ஒட்டிய எண்ணூர் பக்கம் சாம்பலும் கரித்தூளும். விடியற்காலையில் பேனலைத் தொட்டுப் பார்த்தால், பனியில் ஊறிய சாம்பல் சாந்து போலக் கையில் ஒட்டும். பத்து மணி வெயிலில் அதுவே காய்ந்து, துணியால் துடைத்தாலும் போகாத ஏடாகிவிடும். அதனால் ஈரம் காயும் முன், காலையிலேயே, உப்பில்லாத தண்ணீரையும் மென்மையான துடைப்பானையும் கொண்டு கழுவ வேண்டும். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடலாம். போகிக்கு மறுநாள் கழுவுவதை யாரும் தவற விட வேண்டாம்.

கண்ணாடி மேல் படியும் அழுக்கு மின்சாரத்தையும் வெப்பத்தையும் ஒருசேரக் குறைக்கும். உப்போ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வேலை செய்யும். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம் அரித்துப்போகும். குழாயும் தகடும் ஒரே உலோகமாக இருக்கும் பேனலைத் தேர்ந்தெடுங்கள். உப்புமூட்டச் சோதனையான ஐ.இ.சி. 61701 சான்றிதழ் பேனலுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டத்துக்கு ஹாட் டிப் கால்வனைஸ் செய்த (உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த) இரும்பும், போல்ட்டுக்கு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் வேண்டும். வெளிக்குழாயின் வெப்பக் காப்புறை, வெயிலில் பொடிந்துபோகாதபடி மேல் கவசத்தோடு இருக்க வேண்டும்.

எங்களுடையது பழைய கட்டடம். மாடி தாங்குமா?

பேனல் பெரிய பாரமில்லை. தண்ணீர் நிறைந்த நிலையிலும் ஒன்று முப்பது கிலோ அளவில்தான் இருக்கும். பாரம் தொட்டியில் இருக்கிறது. 1000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன்னுக்கு மேல். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் தளம், தேக்குக் கட்டைகளின் மேல் செங்கலை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பால் பிடித்தது. அந்தத் தளத்தின் நடுவில் தொட்டியை வைப்பதும், சட்டத்துக்காகத் துளை போடுவதும் கூடவே கூடாது. பாரம் சுவர்களின் மேல் இறங்குமாறு இரும்பு உத்திரம் போட்டு அதன் மீது வைக்க வேண்டும். கட்டடப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் தொடங்க வேண்டாம். காங்கிரீட் தளமானாலும் தூண் வரும் இடமே தொட்டிக்கு உரிய இடம். 2016 டிசம்பர் 12 அன்று வந்த வர்தா புயலை நினைவில் வைத்து, காற்றின் தூக்குவிசைக்கும் கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள்.

கருவாடு உலர்த்த இதைப் பயன்படுத்த முடியுமா?

முடியும், ஆனால் தண்ணீர் வகையை விட்டுக் காற்று வகைக்குப் போக வேண்டும். பேனலின் பின்னால் ஃபேன் வைத்துக் காற்றை இழுத்து, சூடான காற்றை உலர்த்தும் அறைக்குள் விடுவார்கள். ஃபேனுக்கான மின்சாரத்தை அதே பேனல் தரும். மீன் உலர்வதற்கு 45 முதல் 50 டிகிரி போதும். அதற்கு மேல் போனால் சதை வெந்து, வெளித்தோல் இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். பி.வி.டி. இயல்பாகத் தரும் சூடும் இந்தத் தேவையும் ஒத்துப்போகின்றன. மணலில் காயவைக்கும்போது சேரும் மண்ணும் ஈயும் அறைக்குள் இல்லை. வீட்டு வெந்நீரைவிட இந்தப் பயன்பாட்டுக்குத்தான் நம் கரையில் எதிர்காலம் இருக்கிறது என்பது என் எண்ணம். உப்பு படிந்த அறையிலிருந்து காற்று திரும்பி பேனலின் பின்பக்கம் வராதபடி ஒருவழிப் பாதையாக அமைத்துவிட்டால் போதும்.

ஹீட் பம்பு இதைவிட மேலானதா?

விடுதி வைத்திருப்பவர்கள் அவசியம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது இது. ஹீட் பம்பு சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும். ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, நான்கு யூனிட் வெப்பம் தரும். ஐரோப்பாவில் குளிர்காலக் காற்று உறைநிலைக்கு இறங்கும்போது அது திணறும் என்பதால், பி.வி.டி. பேனலை அதற்குத் துணையாக இணைக்கிறார்கள். சென்னையின் காற்று ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருப்பதால் அந்தத் துணை இங்கே தேவையில்லை. சாதாரண பேனலோடு ஹீட் பம்பு வைத்தால், மேலே சொன்ன விடுதியின் 17 யூனிட் வெப்பத்துக்கு நான்கு முதல் ஆறு யூனிட் மின்சாரம் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், வெந்நீர் அதிகம் தேவைப்பட்டு வெயில் வராத நாட்களிலும் அது ஓடும். இரண்டுக்கும் விலைப்பட்டியல் வாங்காமல் பி.வி.டி.க்கு முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மானியம் கிடைக்குமா?

2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம் வீடுகளின் மின் உற்பத்திக்கு மட்டுமே. முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக உச்சவரம்பு 78,000 ரூபாய். மின்கலங்களும் பேனலும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும்; இறக்குமதியான பி.வி.டி. பேனலுக்கு இது பொருந்தாது. வெப்பப் பகுதிக்கு இத்திட்டத்தில் எதுவும் இல்லை, வணிக இணைப்புள்ள விடுதிக்கும் கடைக்கும் இடமில்லை.

ஏற்கெனவே இருக்கும் பேனலின் பின்னால் குழாய் ஒட்டிக் கொள்ளலாமா?

வேண்டாம். பின்தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே சிறிது காற்று புகுந்தாலும் வெப்பம் கடக்காது. பேனலின் உத்தரவாதமும் போய்விடும். ஒட்டும்போது பின்புற உறையில் கீறல் விழுந்து ஈரம் இறங்கினால், சில நூறு வோல்ட் ஓடும் டி.சி. சுற்றில் மின்கசிவு வரும். இன்வெர்ட்டர் மழை நாட்களில் அடிக்கடி அணைந்துபோவதுதான் அதன் முதல் அடையாளம்.